சலவைக்கடையில் தொங்கும் விண்ணப்பங்கள்

போலீஸ் சட்டையில் முதலில் காலர், பிறகு தோள், அதற்குப் பிறகுதான் கை. ஒரு கையைத் தேய்த்து முடித்து, மறு கையைத் தொடாமல் எர்மெலிந்தா ஓகாம்போ நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். வியாழக்கிழமை, ஒன்பதாக ஐந்து நிமிடம். இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைக்கிறார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். தேய்த்த துணிகள் தொங்கும் கம்பியின் கடைக்கோடிக்குப் போய், ஒரு கோட்டுக்கும் ஒரு கல்யாண உடைக்கும் நடுவே கையை விட்டு ஒரு ஹேங்கரை உருவுகிறார். அதில் துணி இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள், நான்கு கிளிப்புகளின் பிடியில், ஒரு கட்டுக் காகிதம் நேராகத் தொங்குகிறது. உறையின் கழுத்தில் இளஞ்சிவப்பு எண் சீட்டு.

"வரேன், பேக் அம்மா."

கல்லாவில் இருக்கும் திருமதி பேக் கொரியாக்காரர். இந்தச் சலவைக்கடையின் முதலாளி. தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார்: "பன்னண்டுக்குள்ள வந்துடு. போலீஸ் சட்டை இன்னும் முப்பது கிடக்கு."

"போலீஸைப் பாக்கத்தான் போறேன். போன வாரம் போட்ட மடிப்பு நிக்குதான்னு அப்படியே பாத்துட்டு வந்துடறேன்."

லோமா செகா கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பீச்சும் பாதாமும் திராட்சையும். அவற்றைப் பறிப்பவர்கள், கழுவுபவர்கள், பெட்டியில் அடுக்குபவர்கள் எல்லோரும் எர்மெலிந்தாவை மரியாதையாக தோன்யா எர்மே, அதாவது எர்மே அம்மா, என்று அழைக்கிறார்கள். வயது ஐம்பத்தாறு. குள்ளம். குதிகால் உயர்ந்த செருப்பு போட்டதே இல்லை. போலீஸ் நிலையத்து ஜன்னல் அவர் மோவாய் மட்டத்தில் இருக்கும். "ஜன்னல் உயரமா இருந்தா நாம ஏன் எக்கணும்? அவங்க குனியட்டும்" என்பார்.

இடது முன்கையில் ஒரு வடு. முக்கோணம், நுனி மணிக்கட்டைப் பார்த்தபடி. எந்தக் காலத்திலும் அரைக்கை சட்டைதான் போடுவார். புதிதாக வருகிறவர்கள், தொழிலில் சுட்டுக்கொண்டதா என்று கேட்பார்கள்.

"இல்ல, புருஷன் வெச்சது. தொழில் தெரியாதவன். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடுன்னு பாக்கவே இல்ல."

அவன் சுட்ட அன்று காலையே அந்த இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி, மளிகைப் பையில் போட்டு, ஒரு கையால் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து போலீஸ் நிலையத்துக்குப் போனார். மேசைமேல் வைத்து, "ஆறிடுச்சு, பயப்படாம தொட்டுப் பாருங்க" என்றார். அது சாட்சிப் பொருளானது. அவர் சாட்சியானார். நீதிமன்றத்தில் இரண்டு நாள் நின்றார். எட்டு வருடம் கழித்து விசா வந்தது. அதற்குப் பிறகும் இஸ்திரிதான் போடுகிறார். கேட்டால், "பெட்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

யூ விசா என்பது அப்படிப்பட்டதுதான். காகிதம் இல்லாமல் வாழ்கிற ஒருவர்மேல் குற்றம் நடந்து, அவர் ஓடி ஒளியாமல் போலீசுக்கு உதவினால், இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்கலாம். ஆனால் அதற்கு முன், 'இவர் பாதிக்கப்பட்டவர், எங்களுக்கு உதவியவர்' என்று போலீஸ் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால் மற்ற நூறு பக்கமும் வெறும் காகிதம். டானா என்ற வக்கீல் ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை நகரத்திலிருந்து வந்து தேவாலயக் கூடத்தில் உட்காருவார். மற்ற நாள்களில் மக்கள் வருவது சலவைக்கடையின் பின்கதவுக்கு.

வருகிறவர்களிடம் தோன்யா எர்மே முதலில் சொல்வது இது: "நான் வக்கீல் இல்ல. நோட்டாரியோ அதைவிட இல்ல." அவர்களுடைய நாடுகளில் நோட்டாரியோ என்றால் பெரிய சட்டப் படிப்பு படித்தவர். இங்கே அது முத்திரை குத்துகிற ஆள், அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு, வந்தவர்களின் விண்ணப்பங்களைக் குட்டிச்சுவராக்கியவர்கள் இந்த ஊரிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

பிறகு கேள்வி கேட்பார். என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால், "அடிச்சாங்க" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்பது, "அப்போ உங்க கையில என்ன இருந்துச்சு?" பாலத்தடியில் மூன்று பேர் கட்டையால் அடித்துப் போட்ட கூரை வேலைக்காரர் ஒருவர் இந்தக் கேள்விக்கு, "கேக்" என்றார். மகளின் பிறந்தநாள் கேக். மேலே பச்சை க்ரீமில் ஒரு ஆமை. அதற்குப் பிறகு அவர் நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். கட்டையில் ஆணி இருந்தது வரை சொன்னார்.

காகிதங்களை அவர் மடிக்க விடமாட்டார். அதனால்தான் ஹேங்கர். "மடிச்ச காகிதத்துல கோடு விழும். கோடு விழுந்த காகிதம் கெஞ்சுற மாதிரியே இருக்கும். நாம எதுக்குக் கெஞ்சணும்? போலீசோட கேஸை நாம ஜெயிச்சுக் குடுத்திருக்கோம்." கெஞ்சும் சொற்கள் எதுவும் அவருக்குப் பிடிக்காது. 'தயவுசெய்து' என்று ஒருவர் தன் வாக்குமூலத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருந்தார். ஐந்தையும் அவர் கையாலேயே அடிக்க வைத்தார்.

கடைசியாக ஒரு கேள்வி உண்டு. "அன்னிக்குப் போலீஸ்கிட்ட என்ன பேர் சொன்னீங்க?" வெளியாட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பழம் அடுக்கும் கொட்டகைகளில் பாதிப் பேர் வேறு யாருடைய பெயரிலோ வேலை செய்கிறார்கள். இரவல் பெயர், அட்டையில் ஒட்டிய படம் மட்டும் சொந்தம். காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது ஒரு பெயர், சாயங்காலம் வீட்டு வாசலில் இன்னொரு பெயர். அடிபட்டுக் கிடக்கும்போது எந்தப் பெயர் வாயில் வரும் என்று யார் சொல்ல முடியும்?

இதுவரை அறுபது பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெத்ரோனாவிடம் கேட்கவில்லை. இன்று அவர் விரலில் தொங்குவது பெத்ரோனாவின் ஹேங்கர். அறுபத்தொன்று.

பெத்ரோனா தோமாஸ் குவாத்தமாலாவின் மலைப்பக்கத்துப் பெண். வயது முப்பத்தொன்பது. பேசும்போதும் பேசாதபோதும் சால்வையின் முனையால் வாயை மூடியிருப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் கொட்டகையின் குளிர் அறையில் மேஸ்திரி அவளை மூலையில் மடக்கினான். அவள் கத்தினாள். அவன் பெட்டி கிழிக்கும் கத்தியைக் காட்டினான். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். அவன் வாயில் குத்தினான். யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள். பிறகு அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான்.

இவ்வளவையும் வாங்க எர்மெலிந்தாவுக்கு நான்கு வியாழக்கிழமை பிடித்தது. நான்காவது வாரம் கையில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு, "ஒரு பீச். பழுத்தது. நசுங்கிடுச்சு" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அந்த ஓட்டத்தைக் குறுக்கே மறிக்க மனம் வராமல் எர்மெலிந்தா கடைசிக் கேள்வியை விட்டுவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை போலீஸ் நிலையத்திலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. 'நீங்கள் குறிப்பிடும் வழக்கில் பெத்ரோனா தோமாஸ் என்று எவரும் பாதிக்கப்படவில்லை. கையெழுத்திட இயலாது.'

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் எர்மெலிந்தா.

"நீங்க கேக்கல, தோன்யா."

எர்மெலிந்தா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். எதையும் தேய்க்காமல் திரும்ப வைத்தார்.

"ஆமா. நான் கேக்கல. தப்பு என்னோடது. என்ன பேர் சொன்னே?"

"யோலாந்தா ரீவாஸ். அட்டையில இருந்த பேரு, ஆஸ்பத்திரியில கேட்டப்போ சொன்னேன். மேஸ்திரியோட அண்ணன் அங்கயே நின்னுட்டிருந்தான். அவன்தான் கொட்டகைக்கு மேனேஜர். சொந்தப் பேரைச் சொன்னா அன்னிக்கே வேலை போயிருக்கும்."

விண்ணப்பத்தில் பெத்ரோனா மட்டும் இல்லை. அவள் மகள் மிக்காயேலாவும் இருக்கிறாள். மலையூரில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். தாய் அவளைப் பார்த்து பதினொரு வருடம் ஆகிறது. தாயின் விண்ணப்பத்தில் மகளைச் சேர்க்கலாம், ஆனால் மகளுக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் அந்த விண்ணப்பம் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் சேர்க்க முடியாது. மிக்காயேலாவுக்கு இருபத்தொன்று முடிய, செவ்வாய்க்கிழமை கணக்குப்படி பதினொரு நாள் இருந்தது.

வக்கீல் டானா தொலைபேசியில் சொன்னார்: "பொய்ப் பேர் சொன்னதை மறைக்க வேண்டாம், எர்மே. அதுக்கு மன்னிப்புக் கேக்கத் தனிப் படிவம் இருக்கு. நான் போட்டுக்கறேன். ஆனா யோலாந்தாவும் பெத்ரோனாவும் ஒரே ஆள்னு போலீஸ் நம்பணும். அதுக்கு ஏதாவது கொண்டு வாங்க."

எர்மெலிந்தா பெத்ரோனாவிடம் அந்தக் கொட்டகைக் கதையை முதலிலிருந்து இன்னொருமுறை கேட்டார். ஆஸ்பத்திரியில் யார் வந்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், என்ன செய்தார்கள்.

"போட்டோ எடுத்தாங்க. ஒரு அம்மா கையுறை போட்டுக்கிட்டு என் உதட்டைத் தூக்கிப் பிடிச்சாங்க. போலீஸ்காரர் எடுத்தாரு."

"எதைக் காட்ட உதட்டைத் தூக்கினாங்க?"

பெத்ரோனா எழுந்து பின்கதவைச் சாத்தினாள். பிறகு சால்வையை இறக்கினாள். மேல்வரிசையில், இடது பக்கம், ஒரு பல்லைச் சுற்றித் தங்கச் சட்டம். நடுவில் ஒரு தங்க நட்சத்திரம். அவளுடைய ஊர்ப்பக்கம் பெண்கள் பதினைந்து வயதில் அழகுக்காகக் கட்டிக்கொள்வது. இவளுக்குக் கட்டியவர் சந்தை நாளில் மட்டும் கடை போடுகிறவர், அவசரக்காரர். நட்சத்திரத்தின் ஒரு முனை மற்ற நான்கைவிட நீளம். மேஸ்திரியின் குத்தில் பல் சற்று உள்ளே சாய்ந்துவிட்டது. நட்சத்திரம் அசையவில்லை.

"இதையா இத்தனை நாளா மூடி வெச்சிருந்தே?"

"கோணலாயிடுச்சு, தோன்யா."

"கோணலா? பொண்ணே, இந்த மாதிரி இன்னொண்ணு கலிபோர்னியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதுதானே நமக்கு வேணும்!"

இதோ, போலீஸ் நிலைய வாசல் பெஞ்சில் பெத்ரோனா காத்திருக்கிறாள். சால்வை வாயின் மேலேயே இருக்கிறது. எர்மெலிந்தா கதவைத் தள்ளித் திறக்கிறார். ஹேங்கரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார்.

ஜன்னலில் ஷார்லின். இருபது வருடமாக அதே ஜன்னல். "வந்தாச்சா, எர்மி? இன்னிக்கு என்ன டெலிவரி?"

"உங்க புதுக் கேப்டன் திருப்பி அனுப்பின உருப்படி. கறை இருக்குன்னு அனுப்பிட்டாரு. கறை இல்ல, டிசைனுன்னு காட்ட வந்திருக்கேன்."

"அவரு மீட்டிங்ல இருக்காரே."

"இருக்கட்டும். எனக்குப் பன்னண்டு வரைக்கும் நேரம் இருக்கு. இங்கயே நிக்கறேன். ஜன்னலை மறைக்காத மாதிரி நான் குள்ளந்தானே?"

ஷார்லின் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். கேப்டன் லிண்ட்கிரென் வருகிறார். இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம். நெட்டையானவர், காலர் அளவு பதினேழு. எர்மெலிந்தா முதலில் சட்டையைப் பார்க்கிறார், பிறகு முகத்தை.

"நான்தான் கடிதத்துல எழுதியிருந்தேனே, மேடம். ரிப்போர்ட்ல இருக்கறது யோலாந்தா ரீவாஸ். இவங்க பாஸ்போர்ட்ல பெத்ரோனா தோமாஸ். இவங்களுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ரெண்டும் ஒரே ஆள், கேப்டன்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"அந்த ஆளு பேரையா குத்தினான்? வாயைத்தானே குத்தினான். பேரைக் கொஞ்சம் ஓரமா வைங்க. உங்க ஃபைல்ல வாயோட போட்டோ இருக்கு. எடுத்துக்கிட்டு வாங்க, இங்க இருக்கற வாயைப் பாருங்க."

கேப்டன் அவரையும் ஹேங்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். பத்து நிமிடம் ஆகிறது. பதினைந்து ஆகிறது. பெத்ரோனா கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சரியாகிவிடும் என்று எர்மெலிந்தா சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"அவரு வலது தோளைப் பாத்தியா? மடிப்பு கோணிக்கிட்டு நிக்குது. நான் போட்டது இல்ல அது. காரு பெல்ட் அமுக்கினது. என் பேரைக் கெடுக்கறாரு மனுஷன்."

சால்வைக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம் வருகிறது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

உள்ளே அழைக்கிறார்கள். சின்ன அறை, மேசை, மூன்று நாற்காலி. கேப்டன் ஒரு படத்தை மேசையில் வைத்துத் திருப்புகிறார். நீலக் கையுறை விரல்கள், வீங்கிப் பிளந்த உதடு, ரத்தம், அதற்கு நடுவே ஒரு நட்சத்திரம். அவர் பெத்ரோனாவைப் பார்க்கிறார். பெத்ரோனா எர்மெலிந்தாவைப் பார்க்கிறாள். எர்மெலிந்தா சுவரைப் பார்க்கிறார்.

சால்வை இறங்குகிறது. பெத்ரோனா தன் விரலாலேயே உதட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

கேப்டன் மேசைமேல் குனிகிறார். படம், பல். மறுபடி படம். "ஒரு முனை நீளமா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். பிறகு நிமிர்ந்து உட்காருகிறார். "சரி. ஆள் இவங்கதான். ஆனா எங்க ஆபீசர்கிட்ட ஏன் வேற பேரைச் சொன்னாங்கன்னு கேளுங்க."

எர்மெலிந்தா ஸ்பானிஷில் கேட்கிறார். பெத்ரோனா பதில் சொல்கிறாள். சொந்தப் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன், அதனால் பொய் சொன்னேன் என்கிறாள். அந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இளக்கிச் சொல்லலாம். 'குழம்பிட்டாங்க' என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மகளுக்கு இன்னும் ஒன்பதே நாள். எர்மெலிந்தா இளக்கவில்லை. "பொய் சொன்னேங்கறாங்க" என்று அப்படியே ஆங்கிலத்தில் வைக்கிறார்.

கேப்டன் எடுத்த பேனாவைக் கீழே வைக்கிறார். "அப்போ மத்ததையெல்லாம் நான் எப்படி நம்பறது?"

இதையும் எர்மெலிந்தா ஒரு சொல் குறையாமல் ஸ்பானிஷில் சொல்கிறார். பெத்ரோனாவின் கை சால்வையைத் தேடிப் போகிறது. பாதி வழியில் நின்று, மேசைக்குத் திரும்புகிறது. அவள் நேராக கேப்டனைப் பார்த்துப் பேசுகிறாள். குரல் அந்தச் சின்ன அறைக்கு அதிகம்.

"உங்க ஆளு வந்து, யாரு அடிச்சதுன்னு கேட்டாரு. என் வாயில ரத்தம், பேச முடியல. அங்க நாப்பது பேரு நின்னாங்க. எல்லாரும் தரையைப் பாத்தாங்க. நான் கையை நீட்டி அவனைக் காட்டினேன். அவன் அண்ணன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே காட்டினேன். சொன்ன பேருதான் பொய். நீட்டின விரல் பொய் இல்ல."

எர்மெலிந்தா மொழிபெயர்க்கிறார். எங்கே குரல் உயர்ந்ததோ அங்கே தானும் உயர்த்துகிறார். கடைசி வரிக்கு, பெத்ரோனா நீட்டியதுபோலவே ஆள்காட்டி விரலை நீட்டுகிறார். ஜன்னல் பக்கம் ஷார்லினின் தட்டச்சுச் சத்தம் நின்றுபோகிறது.

கேப்டன் கோப்பைப் புரட்டுகிறார். அன்று வந்த அதிகாரி எழுதிய பக்கத்தைக் கண்டுபிடித்து விரல் வைத்துப் படிக்கிறார். 'பாதிக்கப்பட்டவர் பேச இயலாத நிலையில் குற்றவாளியை விரலால் சுட்டிக் காட்டினார்.' அந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நிற்கிறது.

பிறகு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார். பெத்ரோனா தோமாஸ் என்ற பெயருக்குக் கீழே, 'யோலாந்தா ரீவாஸ் என்ற பெயரில் புகார் அளித்தவர் இவரே' என்று ஒரு வரி. உதவினாரா என்ற கேள்விக்கு நேரே ஆம். காயத்தைப் பற்றி மூன்று வரி. படத்தின் நகல் ஒன்று இணைப்பு. கீழே கையெழுத்து, பெரிய எழுத்து, சாய்ந்து ஓடுகிறது. மேசையின் அந்தப் பக்கம் நின்றபடி, தலைகீழாகத் தெரியும் ஒவ்வொரு கட்டத்தையும் எர்மெலிந்தா உதடு அசையாமல் படித்து முடிக்கிறார். காலிக் கட்டம் ஒன்றும் இல்லை. வக்கீல் டானாவின் மேசைக்கு இது சாயங்காலத்துக்குள் போய்விடும். நாளைக்கே தபால்.

"இந்தாங்க, மேடம்" என்று கேப்டன் எழுந்து காகிதத்தை நீட்டுகிறார். ஆங்கிலம் பேசியவர், முன்னால் நடந்து வந்தவர், ஹேங்கரோடு வந்தவர் எர்மெலிந்தா. அதனால் அவரிடம்தான் நீட்டுகிறார்.

எர்மெலிந்தா ஓர் அடி பின்னால் நகர்கிறார். ஹேங்கரை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கோத்துக்கொள்கிறார். காகிதம் அந்தரத்தில் நிற்கிறது. பெத்ரோனா தன் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, காகிதத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கைகள் முன்னால் வரவில்லை.